ஊருக்குத் திரும்பலாமா, இருக்கும் இடத்திலேயே இருக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சொந்த நாட்டில் வாழ்வதில் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று எழுதச் சொல்லியிருந்தோம். அனுபவங்களைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்தன. அவற்றில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

டெக்சாஸில் 11 வருடமாக இருக்கிறேன். ஹெச்1பி என்ற வேலை விசா, நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். மகள் சென்னையில் பிறந்தவள், 13 வயது. மகன் இங்கே பிறந்தவன், 7 வயது. அம்மா போன வருடம் தவறிவிட்டார், கும்பகோணத்தில் அப்பா தனியாக இருக்கிறார். திரும்பிவிடலாம் என்கிறேன், மனைவி தயங்குகிறார். திரும்பினால் என்ன இழப்போம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், டாலஸ்

இழப்பதையே முதலில் சொல்கிறேன். சாலையில் தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் உயிரோடு விளையாடுவது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. உங்கள் மகள் சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் தெருவில் நடைபாதை இருக்காது, இருந்தாலும் அதில் ஒரு டிரான்ஸ்பார்மரோ பைக் வரிசையோ நிற்கும். அடுத்தது அலைச்சல். வில்லங்கச் சான்றிதழையும் பட்டா நகலையும் இப்போது வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம், கட்டணமெல்லாம் போனிலேயே கட்டிவிடலாம், அதெல்லாம் உண்மையிலேயே மாறியிருக்கிறது. ஆனால் அப்பா பெயரில் இருக்கும் நிலத்தை அளந்து உட்பிரிவு செய்ய சர்வேயர் நேரில் வர வேண்டும் என்ற கட்டம் வந்தால் பழைய கதைதான், அதற்கு நாள் கணக்கில் பொறுமை வேண்டும், சில இடங்களில் கையை நீட்டவும் செய்வார்கள். சம்பளம் குறையும். வேலை நேரம் குறையாது, அமெரிக்க அலுவலகத்தோடு பேச வேண்டிய வேலையாக இருந்தால் உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரம் பறிபோகும். சென்னையில் வீடு வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்வேன்: 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததையும் பார்த்த ஊர் இது, ஐப்பசி கார்த்திகை மழையில் நேரில் போய் அந்தத் தெருவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, இருந்தால் என்ன இழப்பீர்கள்? அதையும் பாருங்கள். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது, இந்தியர்களின் வரிசை நகராமல் கிடப்பது அதனால்தான். மகள் இந்தியாவில் பிறந்தவள். அவளுக்கு 21 வயதாகும்போதும் வரிசை நகராமல் இருந்தால் உங்கள் விசாவின் நிழலில் அவள் இருக்க முடியாது, தனக்கென்று மாணவர் விசாவோ வேறொன்றோ தேட வேண்டும், அதே வீட்டில் தம்பி அமெரிக்கக் குடிமகனாக இருப்பான். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் முதலில் பேச வேண்டிய விஷயம் இதுதான். அப்பாவைப் பற்றிய கவலையை எல்லோரும் பேசுகிறார்கள், எட்டு வருடம் கழித்து மகளுக்கு வரப்போகும் சிக்கலை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

படிப்பைப் பொறுத்தவரை ஒன்பதாம் வகுப்புக்குள் அவளை இங்கே சேர்த்துவிடுவது நல்லது. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், 2006-ல் அதற்குச் சட்டமே வந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும் என்றால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை மனதில் வையுங்கள். மகனுக்கு ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை, எடுத்துவிடுங்கள். அதை வைத்து அவன் இங்கே படிக்கலாம், வாழலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை அவன் பெரியவனானதும் சொல்லிக்கொடுங்கள்.

பணத்தில் மூன்று விஷயம். வரிச் சட்டப்படி கடந்த 10 நிதியாண்டுகளில் 9 ஆண்டு நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால், திரும்பியதும் பெரும்பாலும் இரண்டு வருடம் போல ஓர் இடைநிலை கிடைக்கும். அதுவரை அமெரிக்காவில் இருக்கும் பணத்தின் வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது, 401கே என்ற அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை என்ன செய்வது, பங்குகளை எப்போது விற்பது என்பதையெல்லாம் ஓர் ஆடிட்டரோடு உட்கார்ந்து இந்தக் காலத்துக்குள் முடிவு செய்யுங்கள். இரண்டாவது, நிரந்தரமாகத் திரும்பியதும், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காகவோ, டாலராகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். புது வேலையில் கம்பெனிக் காப்பீடு இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வந்த கையோடு சொந்தமாக ஒன்று எடுத்துவிட்டால் அந்த மூன்று வருடம் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும்.

லாபம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, தெரிந்துதான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பா காலையில் காபி குடித்தாரா என்பதை வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காய்ச்சல் என்றால் அன்று மாலையே டாக்டரைப் பார்க்கலாம். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற பயம் இருக்காது, வேலை மட்டும்தான் போகும், இருப்பிடம் போகாது. அந்தப் பயம் விலகிய பிறகுதான் அது இத்தனை வருடம் எவ்வளவு கனமாக இருந்தது என்று தெரியும் என்று திரும்பி வந்தவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு வருடம் இருந்து பார்ப்போம், சரிவராவிட்டால் மறுபடி போவோம் என்ற திட்டம் இப்போது முன்பு போல் எளிதில்லை. 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய ஹெச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். கிரீன் கார்டுக்காக உங்கள் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால் வரிசையில் உங்கள் தேதி பொதுவாக உங்களுடையதாகவே இருக்கும், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்து வாருங்கள், கிளம்புவதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். மனைவி ஏன் தயங்குகிறார் என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள், அடுத்த கடிதத்தையும் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்குச் சந்தோஷம், மாமியாருக்குச் சந்தோஷம். அங்கே இரவு பத்து மணிக்கு டிராமில் தனியாக வருவேன். இங்கே கடைக்குப் போவதற்குக்கூட எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. சொந்த நாடு என்பது ஆண்களுக்கு மட்டும்தானா?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கேள்வியில் தவறே இல்லை. ஊர் திரும்பும் கதைகளில் பெரும்பாலும் மகன்தான் திரும்புகிறான், அம்மா கையால் சாப்பிடுகிறான், பழைய நண்பர்களோடு டீக்கடையில் நிற்கிறான். மருமகள் தன் ஊருக்குத் திரும்புவதே இல்லை, இன்னொருவர் வீட்டுக்குத்தான் போகிறாள். அங்கே கணவர் பாத்திரம் கழுவியிருப்பார், இங்கே அவர் அம்மா முன்னால் கழுவ மாட்டார். இதை யாரும் நஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, அதே ஊரில், மாமியார் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் தனி வீடு. இதைச் சண்டையாக ஆக்காமல், ஆனால் தள்ளியும் போடாமல், கணவரிடம் தேதி வைத்துப் பேசுங்கள். இரண்டு, வேலை. கடிதத்தில் நீங்கள் டெக்ஸ்டைல் டிசைன் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள், உங்கள் கோவை, திருப்பூர் வட்டாரம் அதில் முக்கியமானது. அங்கே மொழி தெரியாமல் நீங்கள் பெறவே முடியாத பொறுப்பு இங்கே கிடைக்கும், தொழிலாளியோடும் முதலாளியோடும் ஒரே தமிழில் பேசலாம். சொந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு லாபம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நம்புகிறேன், வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தால் அது கையில் வராது. இரவு பயமின்றி நடக்க இன்னும் முடியவில்லை என்பது நம் எல்லோருக்குமான தலைகுனிவு, அதற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை.

அண்ணன் கனடா, தங்கை சிங்கப்பூர். நான் நாமக்கல்லில் பள்ளி ஆசிரியர். அப்பா அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் வந்தால் வீடே திருவிழா. “நீ மட்டும் இங்கேயே இருந்துட்டியே” என்று உறவினர்கள் பரிதாபப்படுகிறார்கள். நான் தோற்றுப்போனேனா?
– வாசகர், நாமக்கல்

இல்லை சார். உங்கள் அண்ணன் பனியில் நிம்மதியாகத் தூங்குவது நீங்கள் இங்கே விழித்திருப்பதால்தான். அம்மாவுக்கு நடு இரவில் மூச்சுத் திணறினால் 108-ஐ அழைப்பது நீங்கள், ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து போவதும் நீங்கள், மறுநாள் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்துவதும் நீங்கள். வருடத்துக்கு ஒரு முறை சாக்லேட் பெட்டியோடு வருபவர்களைக் கொண்டாடுவது அப்பா அம்மாவின் ஏக்கம், அதை மன்னித்துவிடலாம். உறவினர்களின் பரிதாபத்தை மன்னிக்க வேண்டியதில்லை.

ஆனால் மனதுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். மூவரும் ஒரு நாள் பேசி, அண்ணனும் தங்கையும் மாதாமாதம் ஒரு தொகையை அப்பா அம்மாவின் செலவுக்கென்று ஒரு தனிக் கணக்கில் போடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமையை எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் வைத்திருக்கிறது. அதோடு வருடத்தில் சில வாரம் அவர்களில் ஒருவர் வந்து பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும், அந்த நாட்களில் நீங்கள் மனைவி பிள்ளைகளோடு எங்காவது வெளியூர் போய் வாருங்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயருக்கு என்ற பேச்சையும் அப்பா நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஊரில் இருந்த பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளையும் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமம். தலித் குடும்பம். மெல்போர்னில் இன்ஜினியராக இருக்கிறேன். இங்கே யாரும் நான் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அப்பா “நம்ம ஊருக்கு வந்துடுப்பா” என்கிறார். அது நம்ம ஊரா என்று எனக்குள் ஒரு கேள்வி.
– வாசகர், மெல்போர்ன்

தம்பி, திரும்பி வா என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தது 2022 டிசம்பரில். தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவு அரசியல் சாசனத்தில் இருக்கிறது, 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். எல்லாம் தேவையானவை. ஆனால் தெருவுக்குள் நடக்கும்போது ஒருவர் பார்க்கும் பார்வையை இவை இன்னும் முழுதாக மாற்றவில்லை, அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதி விமானம் ஏறாது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டி வந்ததென்றால், அங்கே போன நம்மவர்கள் அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனதுதான் காரணம்.

அந்த ஊர் உங்களுடையதா என்று கேட்டால், ஆம், மற்ற எவருக்கும் எவ்வளவு சொந்தமோ அவ்வளவு உங்களுக்கும் சொந்தம். உங்கள் பாட்டன்கள் நட்ட நெல் அந்த மண்ணில்தான் விளைந்தது. ஆனால் சொந்தம் என்பதற்காக அங்கே போய் வாழ்ந்தே தீர வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. அப்பாவை முதலில் சில மாதம் மெல்போர்னுக்கு அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தெருவைக் கேட்காத ஓர் ஊரில் நடப்பது எப்படி இருக்கிறது என்று அவரும் ஒரு முறை அறியட்டும். அதன் பிறகும் திரும்பலாம் என்று தோன்றினால் சென்னை, கோவை போன்ற ஊர்களில் தொடங்குங்கள். அங்கேயும் வாடகைக்கு வீடு தேடும்போது “நீங்க என்ன ஆளுங்க” என்ற கேள்வி வரலாம், அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

சவுதியில் டிரைவர். இருபது வருடத்தை நெருங்குகிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். எப்போது ஊருக்கு வருவது?
– வாசகர், தமாம்

உங்களுக்குத் திரும்புவதா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது, டிரைவர் விசாவில் இருப்பவருக்கு வளைகுடாவில் குடியுரிமை கிடைக்கப்போவதில்லை. தேதியை நீங்கள் தேர்ந்தெடுப்பதா, முதலாளியோ போரோ நோயோ தேர்ந்தெடுப்பதா என்பதுதான் மிச்சம். 1990-ல் இராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது ஒரே இரவில் எல்லாம் போய், ஜோர்டான் வழியாக 1,70,000 இந்தியர்களை விமானத்தில் மீட்டு வந்தார்கள், அவர்களில் பலர் மாற்றுத் துணியோடுதான் இறங்கினார்கள். அதனால் சொல்கிறேன், மாடி கட்டியது போதும். இனி அனுப்பும் பணம் வைப்புத்தொகைக்கும் வருமானம் தரும் ஒன்றுக்கும் போகட்டும். பணிக்கொடைக் கணக்கைக் காகிதத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துவிடுங்கள். பிள்ளைகள் உங்களை விருந்தாளியாகப் பார்க்கும் வயதைத் தாண்டுவதற்குள் வந்துவிடுங்கள்.

1998-ல் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை. பட்டம் முடித்தும் பாஸ்போர்ட் இல்லை. எது என் சொந்த நாடு?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

மற்றவர்கள் சொந்த நாட்டின் லாப நஷ்டத்தைக் கேட்கிறார்கள், நீங்கள் அந்த நாட்டையே கேட்கிறீர்கள் அம்மா.

சட்டம் சொல்வது இது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியர்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியை வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மட்டும்தான் உண்டு, இலங்கை இல்லை. 2025-ல் ஓர் உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. அது பயத்தைக் குறைக்கிறது, குடியுரிமையைத் தரவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை: உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் முகாம் பதிவு, இலங்கைப் பிறப்புப் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். தாத்தா பாட்டியில் யாராவது மலையகத் தோட்டத்தில் இருந்தவர்களா என்று கேளுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த காகிதம் ஏதும் இருந்தால் உங்கள் வழக்கே வேறு. அப்படி இல்லையென்றால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து அந்தக் குடியுரிமையை எடுப்பது பற்றி, அதனால் இங்கே என்ன மாறும் என்பதையும் சேர்த்து, ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் கேளுங்கள். அவர்கள் 1984 முதல் முகாம்களுக்குள் வேலை செய்பவர்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறந்து, இங்கே படித்து, இந்த ஊர்த் தமிழைப் பேசும் ஒரு பெண்ணை வெளிநாட்டவர் என்று எழுதி வைத்திருப்பது அநியாயம். முகாம்களில் பிறந்த தலைமுறைக்கு மட்டுமாவது குடியுரிமை தர வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் படிக்கும் உள்ளூர்க்காரர்கள் உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு ஓட்டு இருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு இல்லை.

துபாயிலிருந்தே நம் ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட வழி உண்டா?
– வாசகர், துபாய்

அங்கிருந்தபடி போட முடியாது, ஆனால் ஓட்டுரிமை உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை எடுக்காதவராக இருந்தால் படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர் முகவரியில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம், இணையத்திலேயே முடிந்துவிடும். வாக்குப்பதிவு அன்று நேரில் வர வேண்டும், வாக்குச்சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.